அண்ணை எழுதிய கம்பனிச் சரித்திரம்

எங்கள் அண்ணை பிறந்தது சுன்னாகத்தில். கண் மூடியது லண்டன் பிளேஸ்டோவில். இடையில் நடந்ததை இந்த முப்பத்தோராம் நாள் நினைவில் தம்பி நான் எழுதுகிறேன்.

ஊரில் பெட்ரோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட வைத்தவர். லண்டன் வந்து, விசாவுக்காகக் குரோய்டன் குடிவரவு அலுவலகத்துக்கு அலைந்த வருடங்களில் ஒரு கராஜில் கூட்டித் துடைத்தார். அங்கே பழைய இத்தாலிய மோட்டார் சைக்கிள் ஒன்று கிடந்தது. ஒருவராலும் திருத்த ஏலவில்லை. அண்ணை ஓட வைத்தார். பிறகு அதைச் செய்த கம்பனியின் வண்டி எங்கே பழுதாகி நின்றாலும் அவரிடம்தான் வரும்.

அது சகோதரர் இருவர் தொடங்கிய சின்னக் கம்பனி. முதலில் தண்ணீர்ப் பம்பு செய்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் மோட்டார் சைக்கிள். மூத்தவர் எஞ்சின் செய்தார், இளையவர் விற்றார். மூத்தவரின் மனைவி பெட்ரோல் டாங்கியில் கையால் வர்ணக் கோடு கீறினார். சின்னக் கார்கள் மலிந்ததும் வாங்க ஆளில்லை. பூட்டிவிட்டார்கள்.

இதை எவரும் எழுதி வைக்கவில்லை. அண்ணை லீவு கிடைக்கும்போதெல்லாம் இத்தாலிக்குப் போனார். அங்கே வேலை செய்த கிழவர்களைத் தேடிப் பிடித்து, கேட்டு எழுதினார். பன்னிரண்டு வருடம். அவரின் மகள் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தார்.

வண்டி திருத்த வரும் வெள்ளைக்காரர் ஒருவர் இருந்தார். எங்கள் வீட்டில் சோறு தின்றவர். புத்தகமாக அச்சிட ஆள் தெரியும் என்று ஃபைலைக் கேட்டார்.

"அண்ணை, முதல் பக்கத்திலை உங்கடை பேரைப் போட்டுக் குடுங்கோ" என்றேன்.

"உனக்கென்ன விசரே? அது அவையின்ரை குடும்பச் சரித்திரம். அதுக்குள்ளை என்ரை பேர் என்னத்துக்கு?"

பெயர் போடாமலே கொடுத்தார். புத்தகம் வந்தது. அட்டையில் அந்த மனிதரின் பெயர். உள்ளே அண்ணையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அண்ணை கடைசிப் பக்கம்வரை வாசித்தார்.

"எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கிறான்."

"அவனைக் கேக்கேல்லையோ?"

"என்னத்தைக் கேக்கிறது? எங்கடை வீட்டிலை சாப்பிட்டவன்."

அதற்குப் பிறகு அந்த வண்டிகளை அவர் தொடவில்லை. கொண்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை ஒருமுறை மட்டும் சொன்னார்: "நீ சொன்னதைக் கேட்டிருக்கலாமடா."

ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுவந்த ஈஸ்ட் ஹாம் நண்பர்களுக்கும், பக்கத்திலேயே இருந்த மருமகனுக்கும், பெட்டியைத் தூக்கிய எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

புத்தகம் போட்ட அந்த மனிதரும் செத்தவீட்டுக்கு மலர்வளையம் அனுப்பியிருந்தார். தன் பெயரை அட்டையில் எழுதிக் குத்தியிருந்தார். அட்டையைக் கழற்றினேன். பூவை அண்ணையின் காலடியில் வைத்தேன்.