பயமில்லாமல் வந்த வலி

அந்த வீட்டில் நெஞ்சுவலி என்றால் அது வீட்டுக்காரருடையதுதான். மற்றவர்களுக்குத் தலைவலி, பல்வலி, முதுகுவலி எது வேண்டுமானாலும் வரலாம். நெஞ்சை மட்டும் அவர் குத்தகைக்கு எடுத்திருந்தார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒருமுறை இரண்டு மாடிகளுக்கு நடுவே, விளக்கும் அணைந்துபோய், அரை நாள் மாட்டிக்கொண்டார். அன்று ஒன்றும் ஆகவில்லை. வெளியே வந்து டீ குடித்தார், சிரித்துப் பேசினார். சில வாரம் கழித்து, வீட்டில் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தபோது திடீரென்று மூச்சு முட்டியது. நெஞ்சு படபடவென்று அடித்தது, விரல்நுனிகள் மரத்தன, செத்தோம் என்றே நினைத்தார். பேயறைந்தவர்போல் நின்றவரை மனைவி அலறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ஈசிஜி நன்றாக இருந்தது. ரத்தப் பரிசோதனையும் நன்றாக இருந்தது. அதற்குப் பிறகும் பலமுறை ஓடினார்கள். ஒவ்வொரு முறையும் இதயம் நன்றாகவே இருந்து தொலைத்தது. கடைசியில் அவசரப் பிரிவு நர்ஸ் அவரைக் கண்டதும், "வாங்க லிஃப்ட்காரரே" என்று விருந்தாளியைப்போல் வரவேற்கத் தொடங்கிவிட்டாள். மனைவிக்கு மானம் போயிற்று.

ஒரு டாக்டரம்மா உட்காரவைத்து விளக்கினார். இதற்குப் பேனிக் அட்டாக் என்று பெயர். பயம்தான் உடம்பில் ஏறி ஆட்டம் போடுகிறது. மளமளவென்று ஏறும், பிறகு தானாக இறங்கும். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விட வேண்டும். மாரடைப்பு என்றால் பெரும்பாலும் நெஞ்சைக் கல் வைத்து அழுத்துவதுபோல் இருக்கும். கைக்கும் தாடைக்கும் பரவும், வேர்க்கும், குமட்டும், ஓய்வெடுத்தாலும் விடாது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, வீட்டில் உட்கார்ந்து தீர்ப்பு எழுத வேண்டாம் என்றும் சொன்னார். "ரெண்டும் ஒண்ணு மாதிரியே வரும். எங்களுக்கே டெஸ்ட் எடுத்தாத்தான் தெரியும். வழக்கமா வர்ற மாதிரி இல்லைன்னா உடனே வந்துடுங்க."

மனைவி மூச்சுப் பயிற்சியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மற்றதை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். இன்னும் எத்தனை தடவைதான் போய் அசடு வழிவது.

அவளுக்கு வேலை ஒரு சலவைக்கூடத்தில், ஹோட்டல் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுவது. நாளெல்லாம் நின்றே செய்யும் வேலை. நீராவியில் முகமும் முதுகும் எந்நேரமும் நனைந்திருக்கும், ஆகவே வேர்வையை அவள் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. இடதுகைக்காரி, இஸ்திரிப்பெட்டியை அந்தக் கையில்தான் பிடிப்பாள். தோளிலிருந்து மணிக்கட்டு வரை கடுத்தால் வேலை நடந்திருக்கிறது என்று அர்த்தம். கொஞ்ச நாளாக மாடிப்படி ஏறும்போது நெஞ்சு இறுகியது. நின்றால் சரியானது. வயசு ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்தால் சமையல், துணி, நடுநடுவே வீட்டுக்காரரின் நெஞ்சு. அலுத்துக்கொள்ளக்கூட அவளுக்கு நேரம் ஒழியவில்லை.

விடுமுறை நாள் ஒன்றில், மத்தியானச் சாப்பாடு முடிந்து ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தபோது அது வந்தது. நெஞ்சின்மேல் யாரோ உட்கார்ந்ததுபோல் ஒரு பாரம். தாடை வலித்தது, குமட்டியது. இவர் வியாதி நமக்கும் தொற்றிக்கொண்டது என்றுதான் முதலில் தோன்றியது. கண்ணை மூடி, அவருக்குச் சொல்லிக்கொடுத்த மூச்சைத் தானே விடத் தொடங்கினாள்.

அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். இத்தனை நாள் பட்ட கடனை அடைக்க வாய்ப்புக் கிடைத்த சந்தோஷம். எதிரில் உட்கார்ந்து, இழு, விடு, அவசரமே இல்லை என்று வாத்தியார்போல் சொல்லிக்கொடுத்தார். அவளும் பிசகாமல் செய்தாள். பாரம் நகரவே இல்லை. அவள் கையைப் பிடித்துப் பார்த்தார். சில்லென்று ஈரமாக இருந்தது.

"நீ இன்னிக்கு வேலையே செய்யலையே, ஏன் இப்படி வேர்க்குது?"

அவள் கண்ணைத் திறக்காமல் அடுத்த மூச்சை இழுத்தாள்.

"எனக்கு வரும்போது செத்துடுவேன்னு உயிரே போற மாதிரி பயமா இருக்கும். உனக்குப் பயமா இருக்கா?"

"பயமெல்லாம் இல்லங்க. அசதியா இருக்கு."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்துபோய் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். அவள் தடுத்துப் பார்த்தாள். தெருவே வேடிக்கை பார்க்கும், அந்த நர்ஸ் சிரிப்பாள், கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும் என்றாள். அவர் கதவைத் திறந்து வைத்துவிட்டு அவளுக்குச் செருப்பை மாட்டிவிட்டார்.

"சிரிச்சா சிரிக்கட்டும். என்னைப் பார்த்துச் சிரிச்சுப் பழகினவங்கதானே."

அவசரப் பிரிவில் அதே நர்ஸ்தான். மறுபடியுமா என்ற முகத்தோடு அவரைக் கட்டிலில் உட்காரச் சொன்னாள். "எனக்கில்ல," என்றார் அவர். "இவளுக்கு." ஈசிஜி தாள் வெளியே வந்ததும் அங்கே யாரும் சிரிக்கவில்லை. கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். அடைபட்ட ரத்தக்குழாயைத் திறந்துவிட்டார்கள். இன்னும் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று பிறகு சொன்னார்கள். அவர் அதைக் கேட்டு நடைவழியிலேயே உட்கார்ந்து அழுதார்.

மறுநாள் டாக்டரம்மா வந்து கட்டிலோரம் நின்றார். நெஞ்சு இறுக்கம் எப்போதிலிருந்து, படி ஏறும்போது மட்டுமா என்று கேட்டார். அவள் தெரிந்ததைச் சொன்னாள்.

"இந்த அசதி எப்போலேருந்து இருக்கு?"

அவள் யோசித்துப் பார்த்தாள். அசதி இல்லாத ஒரு நாளை நினைவில் தேடினாள், அகப்படவில்லை. அவள் திணறுவதைப் பார்த்து வீட்டுக்காரரே முந்திக்கொண்டார்.

"அவ எப்பவுமே அப்படித்தான் டாக்டர்."

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது. டாக்டரம்மா அதையும் குறித்துக்கொண்டார். அவளுக்கு வீட்டுக்காரர்மேல் கோபம்கூட வரவில்லை. யாராவது இதை முன்பே கேட்டிருக்கலாமே என்று மட்டும் இருந்தது. தான்கூட ஒருநாளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.