கண்ணாடிக்கு ஊற்றிய தேத்தண்ணி

டென்மார்க்கில் ஒரு காரின் முன்கண்ணாடியைப் பால்தேத்தண்ணியால் உடைத்த ஒரே தமிழன் நானாகத்தான் இருப்பேன். வேறு யாராவது இருந்தால் அவரைச் சந்திக்க ஆசை. இரண்டு பேரும் சேர்ந்திருந்து ஒருவரையொருவர் பார்த்து ஆறுதல் அடையலாம்.

அதைவிட வெட்கமான விஷயம், அப்போது என்னிடம் காரும் இல்லை, லைசென்ஸும் இல்லை. ஒரு பழைய மொப்பெட்தான் இருந்தது. ஆனாலும் ஸ்கீவ என்ற அந்தச் சின்ன ஊரில் இருந்த எங்கள் ஆட்களுக்குக் கார் வைத்தியர் நான்தான். யாழ்ப்பாணத்தில் மினிபஸ் கொண்டக்டராக இருந்தவன். வாசலில் தொங்கிக்கொண்டு போனவனுக்கு எஞ்சின் தெரியாமலா இருக்கும் என்று நானும் நம்பினேன், மற்றவர்களும் நம்பினார்கள்.

என்னுடைய வீட்டுக்கு மேல்மாடியில் மட்டக்களப்பு ஆள் ஒருவர் இருந்தார். என்னைவிட மூத்தவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் வரிக்கு வரி 'மறுகா' என்று வரும், 'பிறகு' என்பதற்கு அவர்கள் ஊர்ச் சொல். நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் அதைச் சொல்லிச் சொல்லியே குளிர்காலங்களைக் கழித்தோம். ஊரில் இருந்த மனைவியையும் சின்ன மகளையும் கூப்பிடுவதற்கு அவர் எப்போதோ விண்ணப்பித்திருந்தார். எங்களில் முக்கால்வாசிப் பேரும் அப்படித்தான். யாருக்கும் பதில் வருவதில்லை. அவருக்கு மட்டும் ஒரு நாள், வீபோவில் உள்ள போலீஸ் அலுவலகத்துக்கு நேரில் வரச்சொல்லித் தகவல் வந்தது. அன்று முதல் அவரை நாங்கள் 'மாப்பிள்ளை' என்று கூப்பிட்டோம். பொறாமைதான், வேறென்ன.

வீபோவுக்குப் போகவேண்டிய நாளுக்கு முதல் கிழமை என்னிடம் கேட்டார்.

"மனே, காரில கண்ணாடி கழுவுற தண்ணி முடிஞ்சு போச்சு. கடையில நீலமா ஒரு தண்ணி விக்கிறானுகள். அதுதான் விடணுமோ?"

"அண்ணை, தண்ணி தண்ணிதானே. குழாயைத் திறந்து பிடியுங்கோ. வெள்ளைக்காரன் எல்லாத்துக்கும் ஒரு நிறம் பூசி விப்பான்."

அவர் குழாயைத் திறந்து பிடித்தார்.

அவர் போகவேண்டிய நாள் காலை நல்ல உறைபனி. நான் வேலை செய்த இறைச்சித் தொழிற்சாலை வீபோவுக்குப் போகும் வீதியில், ஊருக்கு வெளியே. மொப்பெட்டில் போய்க்கொண்டிருக்கிறேன், வீதியோரத்தில் அவருடைய கார் நிற்கிறது. பக்கத்தில் அவர். கலியாணக் கோட், கழுத்தில் ரை, தலையில் எண்ணெய். கையில் ஒரு பாட்டுக் கசெற் பெட்டி. அதால் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஓடும்போது கண்ணாடி ஊத்தையாக இருக்கிறதென்று தண்ணீரை அடித்திருக்கிறார். கடை நீலத் தண்ணி குளிரில் உறையாதாம்; இது அடித்தபடியே கண்ணாடியில் ஐஸாகிவிட்டது. முன்னால் வீதி தெரியவில்லை.

"குழாய்த் தண்ணி" என்றார் என்னைப் பார்த்து.

"பயப்பிடாதேங்கோ அண்ணை, நான் வந்திட்டன்" என்றேன்.

நான் மொப்பெட்டை நிறுத்தவும் பின்னால் ஒரு கார் வந்து நின்றது. தொப்பி போட்ட ஒரு டேனிஷ் கிழவர், கமக்காரராக இருக்கவேண்டும். கண்ணாடியை இறக்கினார். என்ன பிரச்சினை, எங்கே போகவேண்டும் என்று கேட்டார். வீபோ என்றேன். தானும் அங்கேதான் போவதாகச் சொல்லிப் பக்கத்து இருக்கையைத் தட்டிக் காட்டினார். மேல்மாடிக்காரருக்கு டேனிஷ் ஓடாது. என்னுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் சிரித்தபடி, "நை தக்" என்றேன். வேண்டாம், நன்றி. மொழிப் பள்ளிக்கூடத்தில் ரீச்சர் பாராட்டிய உச்சரிப்பு.

எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குப் போனால் தேத்தண்ணி குடிக்கிறீங்களோ என்பார்கள். வேண்டாம் என்போம். சும்மா கொஞ்சமாவது என்பார்கள். இல்லையில்லை என்போம். மூன்றாம் தரம் தேத்தண்ணி கையில் இருக்கும். கேட்ட உடனே ஓம் என்று சொன்னால் தவித்துப் போய் வந்தவன் என்று நினைப்பார்கள். நான் கிழவர் இரண்டாம் தரம் கேட்பதற்காக முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். அவர் தலையை ஆட்டினார், கண்ணாடியை ஏற்றினார், போய்விட்டார்.

"என்னவாம்?"

"ஏத்திக்கொண்டு போகட்டோ எண்டு கேட்டவர்."

"மறுகா?"

"வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்."

"ஏன் மனே?"

"மரியாதைக்கு அண்ணை. திருப்பிக் கேப்பாரெண்டு நினைச்சன்."

கிழவருடைய கார் வளைவில் திரும்பும்வரை இரண்டு பேரும் பார்த்தோம். அவர் ஏசவில்லை. "நானும் அதத்தான் சொல்லியிருப்பன்" என்றார். பிறகு திரும்பவும் கசெற் பெட்டியால் சுரண்டத் தொடங்கினார். அந்த மனிதருடைய நல்ல குணம் எனக்குப் பொறுக்கவில்லை. ஏதாவது செய்து மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றியது. மொப்பெட் பெட்டியில் என்னுடைய பிளாஸ்க் இருந்தது. அடுப்பால் இறக்கிய கையோடு ஊற்றிய பால்தேத்தண்ணி.

"தள்ளி நில்லுங்கோ" என்றேன்.

முதலில் ஐஸ் கரைந்தது. ஒரு கணம் உள்ளே இருக்கும் ஸ்டியரிங் பளிச்சென்று தெரிந்தது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிய முதல் டிக் என்று ஒரு சத்தம். கண்ணாடி முழுவதும் வெள்ளையாகிவிட்டது. பொரித்த அப்பளம்போல ஆயிரம் வெடிப்பு. ஆவி பறந்தது. ஏலக்காய் வாசம் வந்தது.

அதற்குப் பிறகு எந்தக் காரும் நிற்கவில்லை. நான் நடு வீதியில் கையை ஆட்டினேன். விலத்திக்கொண்டு போனார்கள். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு காருக்குள் ஏறியிருந்து, முழங்கையால் கண்ணாடியைக் குத்தி வெளியே தள்ளினார். மடி நிறையக் கண்ணாடித் துண்டு. கோட்டில் தேத்தண்ணி. அப்படியே, முன்னால் ஒன்றுமில்லாமல், உறைபனிக் காற்றுக்குள் முகத்தைக் கொடுத்துக்கொண்டு வீபோவுக்குக் காரை விட்டார். நான் கையசைத்தேன். அதை இப்போதும் மறக்க முடியவில்லை, கையசைத்தேன்.

அவர் அங்கே போய்ச் சேர்ந்தபோது நேரம் பிந்திவிட்டது. மொழிபெயர்ப்பாளர் போய்விட்டார். முகம் விறைத்து வாய் அசையவில்லை. பேரைக்கூட அவரால் சொல்ல முடியவில்லை. இன்னொரு நாள் அறிவிப்போம், போய் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலேயே நான் இதைத் தொழிற்சாலையில் கதையாகச் சொல்லிவிட்டேன். பிறந்தநாள், கலியாணம், எங்கே போனாலும் அதைக் கேட்பார்கள். விறைத்த வாயோடு அவர் 'மறுகா' சொல்ல முயல்வதை நடித்துக் காட்டுவேன். பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள். அவரும் இருந்து சிரிப்பார். ஏலக்காயை நான் மறந்துவிட்டால் எடுத்துத் தருவார்.

இன்னொரு நாளை அவர்கள் அறிவிக்க முதல் ஊரில், கிழக்குப் பக்கம், திரும்பச் சண்டை தொடங்கியது. அவருடைய மனைவியையும் மகளையும் காட்டுக்கரையில் கண்டதாக ஊர்க்காரர் ஒருவர் சொல்லியனுப்பினார். அதற்குப் பிறகு கண்டதாகச் சொல்வதற்கு ஒருவரும் இல்லை. நாங்கள் அவரை மாப்பிள்ளை என்று கூப்பிடுவதை நிறுத்தினோம். தேத்தண்ணிக் கதையை நிறுத்தவில்லை. யாரோ ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியவீட்டில் கேட்க, அவர் மூலையில் இருப்பது தெரிந்தும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் வழக்கமான இடத்தில் சிரித்தார். நான் ஏலக்காயை மறந்தேன். அவர் எடுத்துத் தரவில்லை.

சில வருடம் கழிய, எங்கள் ஆட்களின் விஷயத்தில் டென்மார்க் அரசாங்கமே விழுந்தது. தொலைக்காட்சியில் வேறு பேச்சில்லை. எங்கள் குடும்பங்களின் விண்ணப்பங்களை எடுக்கவேண்டாம் என்று மேலிடத்தில் சொல்லி, வேண்டுமென்றே கிடக்கவிட்டிருக்கிறார்கள். நான் சோபாவிலிருந்து எழும்பிவிட்டேன். என்னுடைய நெஞ்சில் இருந்த கல் இறங்கியதுபோல இருந்தது. செருப்புக்கூடப் போடாமல் மேல்மாடிக்கு ஓடினேன்.

அவர் சேர்ட்டுக்கு அயன் பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய தொலைக்காட்சியிலும் அதே செய்திதான், சத்தமில்லாமல் ஓடியது.

"அண்ணை, பாத்தீங்களோ? அண்டைக்கு நீங்கள் நேரத்துக்குப் போயிருந்தாலும் ஒண்டும் நடந்திராது. அந்தத் தேத்தண்ணியில ஒரு பிழையும் இல்லை."

அவர் அயன் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"உன்னாலதான் எண்டு நினைச்சுத்தான் மனே நான் இவ்வளவு நாளும் நித்திரை கொண்டனான். இனி எனக்குக் கோவிக்கவும் ஆள் இல்ல. கதவச் சாத்திப்போட்டுப் போ."