இயர்போன் துளையில் கால் வோல்ட்

பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறைக்குள் நுழையுமுன் வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட வேண்டும். வெறுங்காலோடு நிற்க வேண்டும். உடம்பில் தேங்கிய மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். பதினைந்து வருஷமாக இதைப் பெண்களுக்குச் சொல்லித்தரும் ஃபோர்மேன் நான். போதாததற்கு பி.எஸ்ஸி. இயற்பியல். மின்சாரம் தெரிந்தவள் எங்கள் தெருவிலேயே நான் ஒருத்திதான் என்ற நினைப்பு.

கல்லூரியில் படிக்கும் மகள் போனைச் சார்ஜில் போட்டபடியே இயர்போன் மாட்டிப் பாடம் கேட்பாள். இயர்போனில் காதில் படும் மூடி உலோகம். “அம்மா, காதுல சுருக்குன்னு இழுக்கு” என்றாள் ஒருநாள்.

“நாள் முழுக்க மாட்டிக்கிட்டே கெடந்தா காது அறுந்துகூட விழும்.”

அதோடு விட்டேனா? அவள் சொல்வது பொய் என்று நிரூபிக்க, கம்பெனி ஒயர்மேன் தம்பியிடம் மல்டிமீட்டர் இரவல் வாங்கி வந்தேன். பழைய இயர்போன் வயரை வெட்டி, முனைப் பூச்சைத் தீக்குச்சியால் பொசுக்கி, பின்னைப் போன் துளையில் செருகி, பாட்டைச் சத்தமாக ஓடவிட்டு, வயரின் இரண்டு கம்பிகளுக்கும் நடுவே அளந்தேன். கால் வோல்ட்கூட இல்லை.

“பாத்தியா? டார்ச் பேட்டரியில இதைவிடக் கூட இருக்கு. இதுக்கா அம்புட்டு அலட்டல்?”

“மீட்டருக்கு வலிக்கலைன்னா எனக்கும் வலிக்கக் கூடாதா?”

“ஒன் ஒடம்புலதான் கரண்ட்டு தேங்கிக் கெடக்கு. செருப்பக் கழட்டு. தரையில உக்காரு. அந்த மோட்டார் குழாயத் தொடு.”

அப்போதுதான் துடைத்த சிமெண்ட் தரை. போன் சார்ஜில் இருந்தது. அவள் இயர்போனை மாட்டிக்கொண்டு, மண்ணுக்குள் இறங்கும் அந்த இரும்புக் குழாயைத் தொட்டாள்.

வெட்டி இழுத்தது. இயர்போன் தெறித்துச் சுவரில் பட்டு விழுந்தது. காதைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். அருகில் போனேன்; பின்னால் நகர்ந்தாள்.

மறுநாள் ஒயர்மேன் தம்பி வந்தார். போனைச் சார்ஜில் போட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பின்னின் அடிப்பகுதியிலும் மறுமுனையைக் குழாயிலும் வைத்தார். நூற்று நாற்பது வோல்ட்.

“பின்னுக்குள்ளயே ரெண்டு முனையவும் வச்சா பாட்டு எம்புட்டு வருதுன்னுதான் தெரியும்க்கா. சார்ஜர்லருந்து கசியுறது தரைக்கும் பின்னுக்கும் நடுவுல வச்சாத்தான் தெரியும். பிள்ளைய வெறுங்காலோட ஈரத்துல உக்கார வச்சு, குழாயையும் பிடிக்கச் சொன்னீகளா? நல்லா எர்த்து குடுத்திருக்கீக.”

பஸ் ஸ்டாண்டில் பேரம் பேசி அந்தச் சார்ஜரை வாங்கியவளும் நான்தான். அதை விற்றவனைத் திட்டலாம். அவன் என் மகளைக் குழாயைத் தொடச் சொல்லவில்லை.

கம்பெனியில் இன்றும் தகட்டைத் தொடாமல் நுழைபவளை அதட்டுகிறேன். அங்கே அதுதான் சரி. வீட்டில் மகள் செருப்புக் காலோடு அடுக்களை வரை நடக்கிறாள்.

“கழட்டணுமா ஃபோர்மேன் மேடம்?” என்கிறாள், வாசல்படியிலேயே நின்று.

“வேண்டாம், போட்டுக்கோ” என்கிறேன். அதற்குப் பிறகுதான் உள்ளே வருகிறாள்.