ஆற்றுவாய் வெட்டிய வருடத்து மிளகாய்

மாமாவை ஆமிக்காரர் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போன ஐப்பசியில்தான் மாமி பன்னிரண்டு மிளகாய்க் கன்றுகளை நட்டார். மாமாவுக்குப் பச்சை மிளகாயைக் கடிக்காமல் சோறு இறங்காது. "காய் பிடிக்கிறதுக்குள்ள மனிசன் வந்திருவார்" என்று மாமி என் அம்மாவிடம் சொன்னது வேலிக்கு இப்பால் நின்ற எனக்குக் கேட்டது. அதன் பிறகு மாமி அழுததை நான் காணவில்லை. காலையில் எழுந்ததும் செடிகளிடம் போய் மொட்டு விட்டிருக்கிறதா என்று பார்ப்பார். அவ்வளவுதான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மாமிக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் அவிக்கும் பிட்டுக்காக நான் எந்த வேலையும் செய்வேன். தை பிறந்து மழை விட்டதும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை என்னிடம் வந்தது. மாமியின் வீட்டு வளவு மணல் வளவு, இரண்டு வெயிலில் காய்ந்துவிடும். நல்ல தண்ணீர்க் கிணறோ ஆமிக்காரரின் சென்றிக் காவலரணைத் தாண்டிக் கோயிலடியில் இருந்தது. வாவி வளவின் பின்வேலியோடு கிடந்தது. மாரி வெள்ளத்தில் வாவித் தண்ணீர் உப்புக் கரிக்காது என்பது குளிக்கும்போது விழுங்கிப் பார்த்த எனக்கு நன்றாகவே தெரியும். பிறகு யார் கிணற்றுக்கு நடப்பார்கள்?

பத்து நாள் செடிகள் தளதளவென்று நின்றன. "உன்ட கைராசி புள்ள" என்றார் மாமி. நான் மறுக்கவில்லை.

அந்த நாட்களில்தான், மழை விட்டும் வயல் வட்டையில் நெல் வேளாண்மை மூழ்கிக் கிடக்கிறதென்று, பெரியவர்கள் ஆமியிடம் அனுமதி கேட்டுப் போய் ஆற்றுவாயை வெட்டிவிட்டார்கள். வாவி கடலோடு சேரும் இடத்தை மூடியிருக்கும் மணல் திட்டுத்தான் ஆற்றுவாய். வெள்ளம் கடலுக்கு ஓடியது. ஓடி முடிந்ததும் கடல் வாவிக்குள் ஏறத் தொடங்கியது. ஊரே இதைப் பற்றிப் பேசியது. சளி பிடிக்குமென்று அம்மா என்னை வாவியில் குளிக்க விடாததால் என் நாக்குக்கு மட்டும் செய்தி வரவில்லை.

இலைகள் தொங்கின. தாகமாக்கும் என்று இன்னும் இரண்டு வாளி ஊற்றினேன். மறுநாள் இன்னும் தொங்கின. நான்கு வாளி ஊற்றினேன். ஈரமண்ணில் நின்றபடியே செடிகள் வாடிப்போவதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. மாமி கண்ணூறு என்று முடிவு செய்து, காய்ந்த செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து, மிளகாய்ச் செடிகளையே மூன்று முறை சுற்றி அடுப்பில் போட்டார். அது நெடியெழும்பி வெடித்ததில் எங்கள் எல்லோருக்கும் இருமல் வந்ததே தவிர, செடிகள் நிமிரவில்லை. அன்று மாமி சாப்பிடவில்லை. "இதுகள் பட்டுப்போச்செண்டா..." என்று அம்மாவிடம் தொடங்கியவர் அதை முடிக்கவில்லை.

என் அண்ணன் உயர்தர வகுப்பில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தான். வீட்டில் ஒரு பல்லி செத்தாலும் காரணம் சொல்லக்கூடியவன். அவன் வந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்தான்.

"உப்பு! எங்கத்தத் தண்ணி ஊத்தின நீ?"

நான் வாவிப் பக்கம் கையைக் காட்டினேன்.

அண்ணனுக்கு அதைவிடச் சந்தோஷமான நாள் இருந்திருக்காது. "வெள்ளரிக்காயில உப்புத் தூவி வைச்சா தண்ணி விடுதெல்லா? வேரிலயும் அதுதான் நடக்குது. வெளியில உப்புக் கூடினா, கலத்துக்குள்ள இருக்கிற தண்ணி வெளியில வந்திரும். இதுக்குப் பேர் பிரசாரணம்."

"பேர் கிடக்கட்டும்" என்றார் மாமி. "செடி பிழைக்குமா, அதைச் சொல்லு."

"நல்ல தண்ணியை நிறைய ஊத்தி உப்பைக் கழுவிவிட்டா, வேர் திரும்பக் குடிக்கும்."

அடி விழப்போகிறதென்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். மாமி என் கையில் வாளியைத் தந்தார்.

மூன்று பேரும் கிணற்றுக்கும் வளவுக்குமாக நடந்தோம். ஐந்தாவது நடையில் சென்றியில் நின்றவன் மறித்தான். இவ்வளவு தண்ணீர் யாருக்கு என்று சிங்களத்தில் கேட்டிருக்க வேண்டும். அந்த ஐப்பசிக்குப் பிறகு சென்றிப் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பாத மாமி, வாளியைத் தூக்கிப் பிடித்து "மிரிஸ்! மிரிஸ்!" என்று கத்தினார். மிளகாய்க்கான சிங்களச் சொல் அது; அந்தப் பாஷையில் அவருக்குத் தெரிந்த ஒரே சொல்லும் அதுதான். அவன் எங்களையும் வாளிகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வழிவிட்டான். பிறகு வந்த நாட்களில் காலையும் மாலையும் எங்களைக் கண்டால் அவனே "மிரிஸ்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொள்வான்.

எட்டுச் செடிகள் பட்டுப்போயின. நான்கு பிழைத்துப் பூத்தன, காய்த்தன. முதல் காய்களைப் பறிக்க மாமி யாரையும் விடவில்லை.

பங்குனியில் ஒரு மத்தியானம் மாமா வந்தார். தாடியும் எலும்புமாக இருந்தார். என்னைத் தூக்கப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டார். மாமி மீன் சொதியும் சோறும் வைத்து, சோற்றுக் கோப்பையின் ஓரத்தில் மூன்று பச்சை மிளகாய் வைத்தார். மாமா ஒன்றைக் கடித்தார். கண்ணிரண்டிலும் தண்ணீர் வழிந்தது.

"உறைக்குதா மாமா?" என்று நான் பெருமையோடு கேட்டேன்.

"ஓம் மகள். நல்ல உறைப்பு."

மாமி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பின்னேரம் களவாக ஒரு காயைப் பறித்துக் கடித்துப் பார்த்தேன். கொஞ்சமும் உறைக்கவில்லை. நாங்கள் வாளி வாளியாக ஊற்றியதில் வெள்ளரிப் பிஞ்சு போலச் சப்பென்று இருந்தது. உறைக்காத மிளகாய்க்குக் கண்ணில் எப்படித் தண்ணீர் வரும் என்று அண்ணனிடம் கேட்டேன். அவன் புத்தகத்தை நெடுநேரம் புரட்டிவிட்டு, கண்ணீரிலும் உப்பு இருக்கிறது, ஆகவே அதுவும் பிரசாரணம்தான் என்றான்.

எனக்கு அது போதுமாக இருந்தது. என் கைராசியைக் குறை சொல்ல மனமில்லாமல்தான் மாமா உறைப்பென்று பொய் சொல்லியிருக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். பாவம், இதாவது உறைக்கட்டும் என்று, மறுநாள் நல்ல முற்றிய காயாகத் தேடிப் பறித்து அவர் கோப்பையில் வைத்தேன்.