பரவாயில்லை என்பதற்கு ஆங்கிலம்

சுலக்ஷனாவுக்கு ஆங்கிலத்தில் ஒரே ஒரு பாடம்தான் தலைகீழாகத் தெரியும். குட், பெட்டர், பெஸ்ட். பேட், வேர்ஸ், வேர்ஸ்ட். சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலம் தவறினாலும் இந்தச் சொற்களைப் போடும் பத்து வெற்றிடங்களை மட்டும் பிழையில்லாமல் நிரப்பியிருந்தாள். வாக்கியத்தில் 'தேன்' என்ற குட்டிச் சொல் வந்தால் நடு வரிசைச் சொல்லைப் போடு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருந்தார்கள். நம்முடைய 'விட'தான் அது. அவளுக்கோ அது மார்க் வாங்கித் தரும் அடையாளம், அவ்வளவுதான்.

இருபத்தாறு வயதில் ராகலைக்கு மேலே, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் சிற்றூழியராகச் சேர்ந்தாள். தரை கழுவுவது, சீட்டு எடுத்துக் கொடுப்பது, மருந்து கட்டும் அறையில் தண்ணீர் சுடவைப்பது. அங்கே வந்த டொக்டர் மாத்தறைப் பக்கத்துச் சிங்களப் பெண். தமிழ் தெரியாது. வருகிற நோயாளிகளில் பாதிப் பேர் தோட்டத்துப் பெண்கள். அவர்களுடைய சிங்களம் சந்தையில் மரக்கறி வாங்கும் அளவுக்குத்தான். சீட்டு எழுதுவதோ ஆங்கிலத்தில். ஒருநாள் அவசரத்துக்குச் சுலக்ஷனாவைக் கூப்பிட்டார்கள். அவள் இரண்டு வார்த்தை ஆங்கிலத்தில் சொன்னாள். அன்றிலிருந்து டொக்டரின் நாற்காலிக்குப் பக்கத்தில் அவளுக்கும் ஒரு முக்காலி போட்டார்கள். தோட்டத்து லயத்து வீடுகளில் அவள் அம்மா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

இரண்டு வருஷம் அப்படியே ஓடியது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காளியாயி வந்தாள்.

கொழுந்து பறிக்கும் பெண். ஐம்பதைத் தாண்டியவள், சீனி வருத்தக்காரி, புண் லேசில் ஆறாது. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையில் விறகு பொறுக்கப் போனபோது கூர்க்கட்டை ஒன்று பாதத்தில் ஏறிவிட்டது. முதல் தடவை மருந்து கட்டி அனுப்பினார்கள். இது இரண்டாம் வருகை. மருந்துக் கட்டைப் பிரித்துப் பார்த்தால் மேல்தோல் காய்ந்திருந்தது. சுற்றிலும் கொஞ்சம் வீக்கம். டொக்டர் தயங்கினார். வார்டில் படுக்க வைக்கலாமா, மருந்துக் குளிசை மாற்றி அனுப்பலாமா என்ற யோசனை. சுலக்ஷனாவைத் திரும்பிப் பார்த்து, "பெட்டர்?" என்றார்.

"பரவாயில்லையா அக்கா?"

"பரவாயில்ல புள்ள."

"பெட்டர், டொக்டர்."

டொக்டர் சீட்டில் அதையே எழுதி, குளிசையை மாற்றி வீட்டுக்கு அனுப்பினார். வெளியே வரிசை கதவைத் தாண்டி நின்றது.

செவ்வாய்க்கிழமை காளியாயிக்குக் குளிர்காய்ச்சல் கண்டு நினைவு தப்பியது. லயத்தில் பக்கத்துக் காம்பராக்காரர்கள் ஆட்டோவில் நுவரெலியா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். உள்ளே சீழ் கட்டி எலும்புவரை போய்விட்டதாம். இரண்டு கால்விரல்களை எடுத்த பிறகுதான் உயிர் நின்றது. மருந்து கட்டும் அறையில் இந்தச் செய்தி சுலக்ஷனாவின் காதில் விழுந்தது. 'அவள்தானே சொன்னாள்' என்று ஒரு மனசு சொன்னது. இன்னொரு மனசு அதை ஏற்கவில்லை. அதுதான் அவளை வாட்டியது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி நுவரெலியாவுக்குப் போனாள். காளியாயி சுவரில் சாய்ந்து, போர்வைக்குள் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலைப் பார்க்கவே பயந்து, சுலக்ஷனா அவள் முகத்தையே பார்த்தாள்.

"அக்கா, அன்னைக்கு வலி கொறைஞ்சிருக்குன்னுதானே சொன்னீங்க?"

"கொறைஞ்சிருக்குன்னு நான் எங்க சொன்னேன்? நீ என்னா கேட்ட? பரவாயில்லையான்னு கேட்ட. பரவாயில்லன்னேன்." கோபமே இல்லாமல்தான் சொன்னாள். "நான் எப்பப் பரவாயில்லன்னு சொல்லாம இருந்திருக்கேன், சொல்லு? புள்ள பெத்து மூணாம் மாசம் கூடையை மாட்டிக்கிட்டுப் போனப்பக் கங்காணி கேட்டாரு. அப்பவும் பரவாயில்லன்னுதான் சொன்னேன். பரவாயில்லன்னா சொகமாச்சுன்னா அர்த்தம்? தாங்கிக்கிருவேன்னு அர்த்தம்."

"மொத நாளைவிட எப்படி இருக்குன்னு கேட்டிருந்தா?"

காளியாயி யோசித்தாள். "மோசம்னு சொல்லியிருப்பேன். யாரும் கேக்கலயே."

திரும்பி வரும் பஸ்ஸில் சுலக்ஷனா ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தப் பழைய பாடத்தையே நினைத்துக்கொண்டு வந்தாள். தமிழில் 'நல்ல' என்ற சொல் பெட்டர், பெஸ்ட் என்று உருமாறுவதில்லை. இதைவிட நல்லது, அதைவிட நல்லது என்று எதைவிட என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆங்கிலத்துப் 'பெட்டர்' அப்படியல்ல. தனியாக நின்று தப்பித்துக்கொள்ளும். கேட்கிறவர் நேற்றைவிட என்று எடுத்துக்கொள்வார். சொன்னவள் எதோடும் ஒப்பிட்டே இருக்கமாட்டாள். பத்து மார்க்கும் வாங்கிய பாடத்தில் தனக்கு விளங்காமல் போனது இதுதான் என்று அப்போதுதான் அவளுக்குப் பட்டது.

திங்கட்கிழமை நோயாளிகள் வருவதற்கு முன் டொக்டரின் மேசைக்கு எதிரே போய் நின்றாள். பஸ்ஸில் கூட்டிச் சேர்த்த ஆங்கிலத்தில், "காளியாயி பெட்டர்னு சொல்லல டொக்டர். நான்தான் சொன்னேன்" என்றாள். முக்காலியை எடுத்துவிடச் சொல்வார் என்றுதான் நினைத்தாள்.

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டு நானும் எழுதினேனே" என்றார் மெதுவாக. பிறகு, "காளியாயி சொன்ன சொல்லுக்கு ஆங்கிலம் என்ன?" என்று கேட்டார். சுலக்ஷனாவுக்கு எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. டொக்டர் அந்தத் தமிழ்ச் சொல்லையே கேட்டு, தன் குறிப்புப் புத்தகத்தில் சிங்கள எழுத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

அதற்குப் பிறகு சுலக்ஷனா கேட்கும் விதம் மாறியது. நேற்று நடந்தீர்களா, இன்றைக்கு நடந்தீர்களா, முந்தாநாள் எத்தனை இடியப்பம் சாப்பிட்டீர்கள், இன்றைக்கு எத்தனை. "என்னா புள்ள, பொலிஸ்காரி மாதிரி நோண்டுற?" என்று பலர் சலித்துக்கொண்டார்கள். வரிசை நீளுகிறது என்று மருந்து கட்டும் தாதி இரண்டு தடவை முறைப்பாடு செய்தார். கந்தப்பளையிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த அழகுமுத்து என்ற கிழவர், நெஞ்சைத் தடவிக்கொண்டே பரவாயில்லை என்றார். நேற்று படி ஏறும்போது எங்கே நின்றீர்கள் என்று கேட்டாள். நேற்று நிற்கவே இல்லையாம். இன்றைக்கு மூன்று இடத்தில் நின்றாராம். "வேர்ஸ் தேன் எஸ்டர்டே, டொக்டர்" என்றாள். அரைமணிக்குள் அம்புலன்ஸ் வந்தது. கிழவர் பிழைத்துவிட்டார் என்று பிறகு மகள் வந்து சொன்னாள்.

காளியாயி மறுபடி மலை ஏறவில்லை. வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் அவளுக்கு வேலை போட்டுக் கொடுத்தார்கள். மாதா மாதம் கிளினிக்குக்கு வருவாள். சுலக்ஷனாவிடம் முன்பைப் போலவே சிரித்துப் பேசுவாள். ஆனால் அவள் உள்ளே வந்து செருப்பைக் கழற்றும் ஒவ்வொரு தடவையும் சுலக்ஷனாவின் கண் வேறு பக்கம் போய்விடும். காலம் போனால் சரியாகும் என்கிறார்கள். இன்னும் ஆகவில்லை.

போன வருஷம் டொக்டருக்கு ஊர்ப்பக்கம் மாற்றல் கிடைத்தது. இப்போது வந்திருப்பவர் ஹட்டன்காரர், தமிழ் பேசுகிறவர். சுலக்ஷனாவின் முக்காலி மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் போய்விட்டது. அதில் அவளுக்கு வருத்தமில்லை. ஆனாலும் டொக்டரைப் பார்ப்பதற்கு முன்பே சில பெண்கள் அந்த ஜன்னலுக்கு வந்து நிற்கிறார்கள். "நீ மொதல்ல கேளு புள்ள. உங்கிட்டச் சொல்லிப் பாத்துட்டு உள்ள போறேன்" என்கிறார்கள்.