இந்த வருடம் வேண்டாம்

நியூசிலாந்தில், ஈஸ்ட் டாமாக்கியில் நான் வேலை பார்க்கும் கிடங்கில் டீம் லீடர் வேலை மறுபடியும் காலியானது. அதில் இருந்தவர் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். இங்கே கொஞ்சம் தேறியவர்கள் எல்லாம் கடைசியில் அங்கேதான் போகிறார்கள். விண்ணப்பிக்கக் கடைசி நாள் செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து மணி.

எனக்கு வயது முப்பத்தொன்பது. சேர்ந்த நாளிலிருந்து அதே ஸ்டாக் கணக்கு, அதே மேசை. எனக்குப் பின்னால் விமானம் ஏறியவர்கள் வீடு வாங்கிவிட்டு, மார்ட்கேஜ் கழுத்தை நெரிக்கிறது என்று அலுத்துக்கொள்வார்கள். அந்த அலுப்பைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். நான் இன்னும் மவுண்ட் வெல்லிங்டனில் ஒற்றை அறைக்கு ரெண்ட் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மா போனில், "உன் செட்டுல எல்லாருக்கும் புள்ளைங்க ஹைஸ்கூல் போவுதுடி" என்பாள். தகவல் சொல்கிற குரலில்தான் சொல்வாள்.

போன தடவை இதே வேலை காலியானபோது அம்மா ஊர் ஜோசியரைக் கேட்டாள். ஏழரை நடக்கிறது, அடக்கி வாசிக்கச் சொல்லுங்கள் என்றாராம். அடக்கி வாசித்தேன். வெளியிலிருந்து என்னைவிடச் சின்னவர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். அவருக்கு ஸ்டாக் கணக்கைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அன்றோடு ஊர் ஜோசியரைத் தலைமுழுகினேன். தலைமுழுகிய ஈரம் காய்வதற்குள் கொரிய ஜோசியத்தில் விழுந்தேன்.

பக்கத்து மேசையில் டிஸ்பாட்ச் பார்க்கும் தோழி கொரியாவிலிருந்து வந்தவள். என் வயதுதான். சேர்ந்த வாரமே, "உன் டைப் என்ன?" என்று கேட்டாள். நம் ஆட்கள் ராசி, நட்சத்திரம் கேட்பதுபோல் அவர்கள் குணத்தை நான்கு ஆங்கில எழுத்துகளில் கேட்கிறார்கள். போனில் வந்த கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னேன். எனக்கு வந்தது ஐ.எஸ்.எஃப்.ஜே. பின்னால் நின்று மற்றவர்களைத் தாங்குகிற ரகமாம். எனக்கு அது இனித்தது. முன்னால் வராமல் இருப்பது பயம் இல்லை, ரகம் என்று ஆகிவிட்டதே! அடுத்தது சாஜு. பிறந்த வருடம், மாதம், நாள், நேரம் நான்கையும் நான்கு தூண்களாக நிறுத்திப் பலன் சொல்லும் கொரிய ஜோசியம். அதை அவள் தன் அம்மாவிடம் கற்றிருந்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிடும்போது, சாஜுவில் என்ன இருக்கிறது என்று அவளைக் கேட்டேன். நாங்கள் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில். என் மனதில் பதிந்தது இப்படித்தான்:

"இந்த வருஷம் உனக்கு நல்லா இல்ல. பத்து வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற பெரிய அதிர்ஷ்டம் இருக்கே, அது ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் ஆரம்பிக்குது. இப்ப முன்னால போய் நின்னா அடி விழும்."

சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தேன். எழுதி முடித்த விண்ணப்பம் கணினியில் கிடந்தது. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. இரண்டு வருடம்தானே, பொறுத்தால் என்ன என்று ஒரு மனம். நாற்பத்தொன்றிலும் இதே மேசையா என்று இன்னொரு மனம். அப்போது எங்களைக் கடந்து போன மேலாளர் தோழியைப் பார்த்து, "உன் அப்ளிகேஷன் கிடைச்சது, தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என்னை உட்கார வைத்துவிட்டு இவள் எழுந்துவிட்டாளா? தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவள்! திரையில் எண்கள் ஓடின, ஒன்றும் தலையில் ஏறவில்லை. வேலை முடிந்து அவள் கிளம்பியபோது பின்னாலேயே கார் நிறுத்துமிடத்துக்குப் போனேன். தூறிக்கொண்டிருந்தது.

"எனக்கு வேண்டாம்னு சொல்லிட்டு நீ போட்டிருக்கியா?"

கார்க் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். "ஆமா, போட்டேன். எனக்கும் இந்த வருஷம் நல்லா இல்ல. உன்னைவிட மோசம்."

"அப்புறம் எதுக்குப் போட்டே?"

"நல்ல வருஷம் வர்ற வரைக்கும் வேலை காலியா இருக்குமா?"

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"சாஜு என்ன சொல்லுதுன்னு கேட்டே, சொன்னேன். அப்ளை பண்ணட்டுமான்னு நீ கேக்கவே இல்லையே."

அவள் முகத்தில் கள்ளம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. கோபித்துக்கொள்ள ஆள் இல்லாமல் போயிற்று.

திரும்பி ஓடினேன். படியேறும்போதே மூச்சு இரைத்தது. சுவர்க் கடிகாரம் ஐந்தை நெருங்கியிருந்தது. கணினி கடவுச்சொல் கேட்டது. அவசரத்தில் தப்பாக அடித்தேன், மறுபடியும் தப்பு. ஒருவழியாகத் திறந்தது. ஒரு வரிகூடப் படித்துப் பார்க்காமல் அனுப்பினேன்.

வேலை அவளுக்குத்தான் கிடைத்தது. பொறாமைப்படவில்லை என்று சொன்னால் பொய். மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நேர்காணலில் நன்றாகத்தான் பேசினீர்கள் என்று ஆறுதல் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம்.

"ஒண்ணு கேக்கணும். போன தடவை நீங்க ஏன் போடல? உள்ளேயிருந்து ஒருத்தரும் போடல. நீங்க போடுவீங்கன்னுதான் கடைசி நாளையே தள்ளி வெச்சேன்."

ஏழரையை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? "ரெடியா இல்ல" என்றேன். கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். யாரோ எனக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். நான் சனி விலகுவதற்காகக் காத்திருந்திருக்கிறேன்.

வெளியே வந்ததும் தோழி கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு வருஷம் கழிச்சுப் பாரு, உனக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"வாயைத் திறக்காதே" என்றேன். பாவம், பயந்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை அம்மா போனை வைத்ததும் எங்கள் கிடங்குக்கு எதிர்த்தெருவில் இன்னொரு கிடங்கில் காலியாக இருந்த டீம் லீடர் வேலைக்கு விண்ணப்பம் எழுதினேன். நேரம் பார்க்காமல் அனுப்பினேன் என்று எழுதத்தான் ஆசை. பார்த்தேன். ராகு காலம். அனுப்பினேன்.