துரை ஆங்கிலத்தில் கேட்டால்: டிக்கோயாவுக்கு ஒரு பயணம்

ஹட்டன், நுவரெலியாப் பக்கம் போக நினைப்பவர்கள் என்னிடம் எந்த ரயில், எவ்வளவு குளிரும் என்றெல்லாம் கேட்கிறார்கள். சொல்கிறேன். அதற்கு முன் 1979 ஆகஸ்டில் நான் முதல் தடவை அங்கே போன கதையைக் கேளுங்கள். சுற்றிப் பார்க்கப் போகவில்லை, இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போனேன்.

கொழும்பில் என்னோடு டைப்பிஸ்டாக இருந்த பிலோமினாவுக்கு டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம்தான் ஊர். அவள் தங்கை ஸ்டெல்லா பத்தாம் வகுப்புவரை படித்துவிட்டுக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், அதாவது தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்தில், பிள்ளை பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. தோட்டத்தை நடத்தும் துரை இங்கிலீஷில்தான் கேள்வி கேட்பாராம். இதை விட்டால் அவளுக்கு ஆயுசுக்கும் கொழுந்துக் கூடைதான் என்று பிலோமினா கண் கலங்கினாள். எனக்கும் மனசு கேட்கவில்லை, லீவு போட்டுவிட்டேன்.

கொழும்புக் கோட்டையில் காலை ரயிலைப் பிடித்தால் மத்தியானம் தாண்டி ஹட்டன் வரும். வட்டவளை நெருங்கும்போது ஜன்னலைச் சாத்திவிடுங்கள், அங்கே மழை உள்ளே வந்து உட்காரும். ஹட்டனிலிருந்து டிக்கோயா மூன்று மைல், பஸ்ஸுக்கு அப்போது ஐம்பது சதம். அதற்கப்புறம் ஏற்றத்தில் நடை. பிலோமினா 'கிட்டத்தான்' என்றாள். மலைநாட்டுக்காரர்கள் கிட்ட என்று சொன்னால் நம்பாதீர்கள், இரண்டு மைல் இருந்தது.

வழியெல்லாம் இங்கிலீஷ்தான். பஸ் நடத்துநர் 'ரைட்' என்றதும் சிங்களவர், தமிழர் எல்லாரும் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். தேத்தண்ணிக் கடையில் பால் விடாதது 'பிளேன் டீ'. தொழிலாளர் குடியிருக்கும் 'லைன்' வீடுகள் லயம், விடியற்காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும் 'பரேட்' பெரட்டு, மலையில் மேற்பார்வை பார்க்கும் 'கண்டக்டர்' கண்டாக்கு. வெள்ளைக்காரத் துரைமார் போய்ச் சிங்களத் துரைமார் வந்திருந்தார்கள், ஆனால் துரைமாரின் இங்கிலீஷ் மட்டும் போகவில்லை. இவ்வளவு இங்கிலீஷ் புழங்கும் இடத்துக்கு நான் எதற்கு என்று சிரிப்பு வந்தது.

அன்று சாயங்காலம் பிலோமினா வீட்டில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டே ஸ்டெல்லாவை இங்கிலீஷில் கேள்விமேல் கேள்வி கேட்டேன். கூச்சம் இருந்ததே தவிர, எல்லாம் புரிந்தது. பதிலும் சொன்னாள். நான் பெரிய டீச்சர் மாதிரி நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் பெரட்டுக்கு வேடிக்கை பார்க்கப் போனேன். துரை இங்கிலீஷில் ஏதோ கண்டித்தார். 'யெஸ் சார்' என்றார்கள். இன்று தூரத்து மலையில் வேலை என்றார். அதற்கும் 'யெஸ் சார்'. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

பத்து மணிக்குத் தோட்டத்து ஆபிசில் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டார்கள். பிலோமினாவும் நானும் விறாந்தையில் உட்கார்ந்திருந்தோம். போன வேகத்தில் சிரித்த முகத்தோடு வெளியே வந்தாள். பின்னாலேயே ஆபிசில் கணக்கெழுதும் கிளாக்கர் வந்து, வேலை கேட்டு வந்திருந்த அடுத்த பெண்ணை வரச் சொல்லிவிட்டு, இவளுக்கு மலையே போதுமாம் என்றார்.

பிலோமினாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. என்ன கேட்டார் என்று நான் ஸ்டெல்லாவைக் கேட்டேன். பிள்ளை பார்ப்பது கஷ்டம், அழுகை, அசிங்கம் எல்லாம் இருக்கும், அதைவிடக் கொழுந்து பறிப்பது நல்லதில்லையா என்று கேட்டாராம். ஒரு சொல் விடாமல் விளங்கியிருக்கிறது. விளங்கியும் 'யெஸ் சார்' என்றிருக்கிறாள்.

"தொரை இங்கிலீஷ்ல கேட்டா அதத்தானேக்கா சொல்லணும்? பெரட்டுல வேற என்னா சொல்லிருக்கோம்?"

எனக்குக் கோபம் வந்தது, அவள்மேல் இல்லை. நானே போய் விளக்குகிறேன் என்று எழுந்தேன். அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீங்க போனா நீங்க பேசுனதாத்தான் இருக்கும். நான் போறேங்க்கா."

அடுத்த பெண் உள்ளே நுழையுமுன் இவள் வாசலில் நின்றுவிட்டாள். கதவு திறந்தே இருந்தது. துரை நிமிர்ந்து பார்த்தார்.

"நோ சார்" என்றாள். கிளாக்கர் பதறிப்போய் அவளை வெளியே வரச் சொல்லிச் சைகை காட்டினார். அவள் நகரவில்லை. "மலையே நல்லதான்னு கேட்டீங்க. இல்லைங்க. எனக்குப் புள்ளைகளப் பாத்துக்கிற வேலதான் வேணும்."

துரைக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். அப்படியானால் முதலில் ஏன் யெஸ் என்றாய் என்று தமிழிலேயே கேட்டார். பழக்கமுங்க என்றாள். துரை மேசையிலிருந்த பெயர்ப் பட்டியலை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு, திங்கட்கிழமை வரட்டும், ஒரு மாதம் பார்ப்போம் என்று கிளாக்கரிடம் சொன்னார். பிலோமினா என் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்கும் அழுகைதான். ஸ்டெல்லா மட்டும் பசிக்கிறது என்றாள்.

சரி, உங்கள் பயணத்துக்கு வருகிறேன். ஆகஸ்டில் குடையும் ஸ்வெட்டரும் இரண்டுமே வேண்டும். நடக்க ரப்பர் செருப்பு ஆகாது, வழுக்கும். மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களைப் படம் எடுக்கலாமா என்று இங்கிலீஷில் கேட்பீர்கள், 'யெஸ்' என்று உடனே பதில் வரும். அதை வைத்துக் கேமராவைத் தூக்காதீர்கள். தமிழில் இன்னொரு தடவை கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். வேண்டாம் என்றால் படம் போனால் போகட்டும். ஒருத்தி தன் மனசில் இருந்ததை உங்களிடம் சொல்லியிருக்கிறாள்.